வெண்ணெய் உருகாத கை

என் நாத்தனாரின் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில், அடுப்பு எரிகிற பேக்கரிக்குள், நாங்கள் எல்லோரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கும்போதுகூட அவர் கை பட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும். கால் அதற்கும் ஒரு படி மேல். தெருவில் அவருக்குப் பெயரே ஐஸ் அக்காதான். ஆனால் யாருக்காவது ஐஸ் வைத்துப் பேசுவது மட்டும் அவருக்குச் சுத்தமாக வராது. "பப்ஸ் இன்னைக்கு சுமார்தான்" என்று யாராவது சொல்லிவிட்டால், "உங்க நாக்கு சுமாரா இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கவுன்டரில் நின்று பல்லை இளித்துச் சமாளிப்பது நான்.

என் பெண் சின்னவளாக இருந்தபோது அவள் நெற்றியில் ஐஸ் அக்கா கை வைத்துப் பார்க்காத நாள் இல்லை. கை வைத்தால் காய்ச்சல் என்று சொல்லாத நாளும் இல்லை. "புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, நீ என்னடான்னா டிவி பாத்துட்டு உக்காந்திருக்க" என்று எனக்குத் திட்டு விழும். "உங்க கையால தொட்டா சுவருகூட கொதிக்கத்தான் செய்யும் அண்ணி" என்று சொன்னால் ஏறாது. ஒருமுறை தெர்மாமீட்டரை வைத்தே காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டர் ரிப்பேர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கு அண்ணன் முறை. இவர்கள் கல்யாணமே காரில் ஆரம்பித்ததுதான். ஐஸ் அக்கா கார் ஓட்டப் பழகப் போன முதல் நாள், கியர் போட்டுக் காட்டுவதற்காக மாஸ்டர் அவர் கைமேல் தன் கையை வைத்திருக்கிறார். வைத்த வேகத்தில் ஷாக் அடித்த மாதிரி உதறிப் பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த சைக்கிள்காரர் டிக்கியில் மோதி இறங்கிச் சண்டை பிடிக்க, நடுரோட்டில் ஒரே ரகளை. "ஏசி ஜாஸ்தியா இருந்தா சொல்லக் கூடாதாங்க?" என்று மாஸ்டர் கேட்டாராம். "இந்த காருல ஏசியே இல்லையே" என்றாராம் ஐஸ் அக்கா. அந்தப் பேச்சு எப்படியோ வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. கார் ஓட்ட மட்டும் அவருக்கு இன்றுவரை வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டருக்கு ஒரே புலம்பல். "கட்டினேன் பாரு ஒரு ஃபிரிட்ஜை" என்பார். தூக்கத்தில் மனைவியின் கால் பட்டுவிட்டால் அலறி எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குவது மாஸ்டர்; வெறுங்காலோடு சொகுசாகத் தூங்குவது ஐஸ் அக்கா. வருகிற விருந்தாளி எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்காவிட்டால் மாஸ்டருக்குச் சோறு இறங்காது. நாங்களும் வெட்கமில்லாமல் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

வீட்டில் கேலிக்குப் பயன்பட்ட அந்தக் கைதான் பேக்கரியில் பிழைப்பு. பப்ஸ் மாவு என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. மாவை விரித்து, நடுவில் வெண்ணெயை வைத்து, மடித்து, கட்டையால் தேய்த்து, மறுபடி மடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். நடுவில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் எல்லாம் போச்சு. இதழ் இதழாகப் பொரிய வேண்டியது களிமண் மாதிரி வந்து நிற்கும். எங்கள் முதலாளிக்கு இஸ்திரிப்பெட்டிக் கை. அவர் தொட்ட மாவு உருப்பட்டதில்லை. வேலை கேட்டு ஐஸ் அக்கா வந்த அன்றைக்கு முதலாளி வேறு எதுவும் கேட்கவில்லையாம். ஒரு துண்டு வெண்ணெயை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டீ குடித்து, போன் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தாராம். வெண்ணெய் வைத்தது வைத்தபடி இருந்ததாம். "நாளைக்கு வந்துடும்மா" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் கடை பப்ஸுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஐஸ் அக்கா மாவு மடிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது மட்டும் அவர் கழுத்து ஒரு விரற்கடை நீளும்.

இப்படி இருந்தவருக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. ஸ்கேன் பார்த்த டாக்டர், பையையே எடுத்துவிட வேண்டும், வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஐஸ் அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "கல்லு எனக்கு எதுக்கு, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

வினை மறுநாள் காலையில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வடிவத்தில் வந்தது. சிரித்த முகம், நல்ல மாதிரி. முதலில் நர்ஸ் வந்து ஐஸ் அக்காவின் விரலில் நாடித்துடிப்பு பார்க்கிற கிளிப்பை மாட்டினார். மெஷின் பேசாமல் கிடந்தது. அடுத்த விரலில் மாட்டினார். ம்ஹூம். பத்து விரலும் பார்த்தாயிற்று, மெஷினில் வெறும் கோடுதான் தெரிந்தது. மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சிஸ்டர், உயிரோடதான இருக்கா?"

"இருக்கேன். நீங்க வாயை மூடுங்க" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஐஸ் அக்காவின் கையைப் பிடித்தார். பிடித்ததும் "அப்பா!" என்று விட்டுவிட்டார். பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்கம்மா, சில பேருக்கு இப்படித்தான். ஒடம்பு சூட்டை உள்ளயே வச்சுக்க, கை கால் தோலுக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாயை எல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்கும். உங்களுக்கு அந்தப் பிடி கொஞ்சம் ஓவர். நான் மருந்து கொடுத்ததும் அது விட்டுடும். குழாய் எல்லாம் விரிஞ்சு, உள்ள இருக்குற சூடான ரத்தம் தோலுக்கு வந்துடும். அப்புறம் பாருங்க, கை கால் எல்லாம் எப்படிக் கதகதன்னு ஆகுதுன்னு. இந்தக் கிளிப்பும் ஒழுங்கா வேலை செய்யும்."

ஐஸ் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சூடாயிடுமா?"

"ஆமா. ஆனா உள்ள இருக்குற சூடு வெளிய போயிடறதால ஒடம்புக்குள்ள கொஞ்சம் குளிர்ந்துடும். அதுக்காக சூடான காத்து அடிக்கிற போர்வை போட்டுடுவோம்."

"உள்ள என்ன வேணா ஆகட்டும். கை சூடாயிடுமா?"

"மருந்து எறங்கினதும் பழையபடி ஆயிடும்மா."

"ஆகலன்னா?"

"ஆயிடும். ஏன் ஆகாம?"

"இதுவரைக்கும் எத்தனை பேரு கையை வீட்டுக்குப் போனப்புறம் தொட்டுப் பாத்திருக்கீங்க?"

பாவம் டாக்டரம்மா. நேர்மையான மனுஷி. "அப்படி யாரும் பாத்தது இல்லைதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஐஸ் அக்கா ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிப் புடவையை மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் ஆட்டோ போய்விட்டது. நேரே பேக்கரிக்குப் போய், மணிக்கட்டில் ஆஸ்பத்திரி பட்டையோடு மாவு மேஜைமுன் நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அண்ணி, இது என்ன விளையாட்டா? கல்லு வயித்துல இருக்கு, நீங்க கையைப் பிடிச்சுட்டுத் தொங்குறீங்க!"

அவர் கட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்போதும் வெடுக்வெடுக்கென்று பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். "உனக்குப் படிப்பு இருக்கு, கணக்கு வரும். அவருக்கு வண்டி இருக்கு. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாண்டி. இதுவும் போயிடுச்சுன்னா நான் யாரு?"

நான் வாயைத் திறக்கும்முன் அவருக்கு வலி வந்துவிட்டது. மேஜை ஓரத்தைப் பிடித்தபடி மாவு மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பப்ஸ் வாங்க நின்றவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அதன் பிறகு முதலாளி களத்தில் இறங்கினார். அவருக்கு ஐஸ் அக்காவும் வேண்டும், ஐஸ் அக்காவின் கையும் வேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், ஆபரேஷன் முடியுற வரைக்கும் கையை மட்டும் ஐஸ் வாளியில போட்டு வச்சா என்ன? வாளி நானே கொண்டாந்துடறேன். சுத்தமான வாளி."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், மயக்கத்துல இருக்குறவங்களுக்குக் குளிர் வந்துடாமப் பாத்துக்கறது என் வேலை. நீங்க வாளி தூக்கிட்டு வரேங்கறீங்களே."

என்ன இருந்தாலும் தன் வாயால் வந்த வினை என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டரம்மாவே கடைக்கு வந்துவிட்டார். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐஸ் அக்காவிடம் பொறுமையாகப் பேசினார். "இத்தனை வருஷமா இந்தப் பிடி உங்க ஒடம்போட பழக்கம்மா. என் மருந்து இருக்குற வரைக்கும்தான் அது சும்மா இருக்கும். உங்க கை பழையபடி ஜில்லுன்னு ஆகலன்னா, நானே வந்து உங்களுக்குப் பதிலா மாவு மடிக்கிறேன். போதுமா?"

ஐஸ் அக்கா அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். "உங்க கை சூடு. மாவு கெட்டுடும்" என்றார். ஆனால் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: கண் விழித்ததும் உள்ளங்கையில் வெண்ணெய் வைத்துப் பார்க்க வேண்டும். வெண்ணெய்க்கு நான் பொறுப்பு.

இந்த அமர்க்களம் அத்தனைக்கும் நடுவில் மாஸ்டர் மட்டும் ஒரு தினுசான சந்தோஷத்தில் இருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, ஒருவேளை அப்படியே சூடாவே நின்னுட்டா நல்லாத்தான இருக்கும்? நானும் மனுஷன் மாதிரி தூங்குவேன்ல?"

"அடப்பாவி அண்ணா! அவங்க வேலை?"

"ஏன், நான் சம்பாதிக்கலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷன் நடக்கும்போது அவர் பெஞ்சின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. என் மடியில் வாயகன்ற ஃபிளாஸ்க், அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் டப்பா, டப்பாவுக்குள் வெண்ணெய். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ உறுப்பு தானம் என்று நினைத்து எனக்கு வழிவிட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிய வைக்கும் அறைக்குள் ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். புருஷன் என்ற முறையில் மாஸ்டர் போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சும் கேட்டது.

உள்ளே இரண்டு கட்டில்கள். இரண்டிலும் பெண்கள். இருவருக்கும் தலையில் பச்சைத் தொப்பி, முகத்தில் மூச்சு விடுகிற மாஸ்க், கழுத்துவரை போர்வை. போர்வைக்குள் குழாய் வழியாகச் சூடான காற்று போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் நர்ஸ் காட்டிய கட்டிலுக்குப் போய்க் கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். கையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இது என் பொண்டாட்டி இல்ல."

"சார்?"

"ஆளை மாத்தித் தள்ளிட்டு வந்துட்டீங்க. என் பொண்டாட்டி கை இப்படி இருக்காது."

நர்ஸ் மணிக்கட்டுப் பட்டையைப் படித்துக் காட்டினார். பெயர் சரி, வயது சரி. "பட்டையையும் மாத்திக் கட்டியிருப்பீங்க" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, யாரும் தடுக்கும்முன் அடுத்த கட்டிலுக்குப் போய், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார்.

அந்த அம்மாவின் மகன் பக்கத்திலேயே நின்றிருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"ஹலோ! எங்கம்மா காலை என்ன பண்றீங்க?"

"சூடா இருக்கு" என்றார் மாஸ்டர்.

"சூடா இருந்தா உங்களுக்கு என்ன சார்?"

"அப்ப இவங்களும் இல்ல." மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சிஸ்டர், வேற கட்டில் எங்க இருக்கு?"

நான் வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டேன். மயக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் கை கால் சூடாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் கையைத் தொட்டதும் இந்த மனுஷருக்கு மறந்தே போய்விட்டது. கடைசியில் நர்ஸ் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. மூக்கையும் வாயையும் பார்த்தபிறகுதான் மாஸ்டர் நம்பினார். அவர் மனைவிதான். ஆனால் கை சூடாக இருக்கிறது. அது ஆள் மாறாட்டத்தைவிட மோசமாகப் பட்டது அவருக்கு.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கட்டில் முனையில் தொங்கிய அட்டையைப் பிடுங்கி மனைவியின் கைக்கு விசிற ஆரம்பித்துவிட்டார். ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் சூடான காற்றுக் குழாயை உருவப் பார்த்தார். நர்ஸ் ஓடிவந்து குழாயைப் பிடிக்க, இவர் இழுக்க, அவர் இழுக்க, அடுத்த கட்டில் மகன் வேறு வந்து நர்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டான்.

"சார், அவங்களுக்குக் குளிரக் கூடாதுன்னு நாங்க பாடுபட்டுட்டு இருக்கோம்!"

"குளிரணும் சிஸ்டர்! குளிர்ந்தாத்தான் அவ! இது யாரோ மாதிரி இருக்கு. பக்கத்துல நிக்கவே எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரெல்லாம் ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜ் என்று சொல்லித் திரிந்த மனுஷர். அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அவரைக் கட்டுப்படுத்த ஆள் வேண்டும் என்று நர்ஸே என்னையும் உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் ஐஸ் அக்காவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க, மருந்து எறங்குது. ஒடம்பு சுதாரிச்சுட்டு சூடு தேடுது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போர்வையை இழுத்து மூடினார். மாஸ்டர் மனைவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்து ரகசியமாகச் சொன்னார்.

"சுண்டுவிரல்ல ஆரம்பிச்சிருச்சும்மா."

பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல். நானும் தொட்டுப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. நடுக்கம் நின்றபோது ஐஸ் அக்கா கண்ணைத் திறந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"வெண்ணெய்" என்றார்.

நான் டப்பாவைத் திறந்ததும் நர்ஸ் பாய்ந்து வந்தார். "இப்ப எதுவும் சாப்பிடக் கூடாது!"

"சாப்பிட இல்ல சிஸ்டர், கையில வைக்க."

அந்த நர்ஸுக்கு அன்றைக்கு இதற்குமேல் ஆச்சரியப்படச் சக்தி இல்லை, தள்ளி நின்றுகொண்டார். உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தேன். டாக்டரம்மாவும் வந்து நின்றார். அடுத்த கட்டில் மகனும் தன் அம்மாவை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். வெண்ணெய் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஓரம்கூட மழுங்கவில்லை.

ஐஸ் அக்காவின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. சிரிக்கப் பார்த்தார், வயிறு வலித்ததால் நிறுத்திக்கொண்டார். "டாக்டர் பொழச்சாங்க" என்றார்.

மாஸ்டர் வெண்ணெயை எடுத்துவிட்டு அந்தக் கையைத் தன் சட்டையில் துடைத்தார். துடைத்து, காலரை விலக்கி, தன் பின்கழுத்தில் கொண்டுபோய் அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டார். வைத்ததும் "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில் அம்மாவும் விழித்துக்கொண்டார். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இவதான். எழுதிக்கங்க, இவதான்."